இரண்டு குப்பி எச்சில்

கேரட் கழுவும் தொட்டிக்குள் இறங்கி நின்றால் முட்டிக்குக் கீழே கால் இருப்பதே தெரியாது. எங்கள் மலையூர் லாவ் ரிமோவில் காலை பத்து மணிவரை பனிமூட்டம் விலகாது. தண்ணீர் மலையிலிருந்து நேரே வருகிறது. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு ஆரிதாவுக்கு வேர்த்தது. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, உச்சி என்று ஏறியது. தலைத்துணியை அவிழ்த்துத் தொட்டி விளிம்பில் போட்டாள்.

"ஜெந்தா அம்மாவுக்கு அடுப்பு பத்திக்கிச்சு. யாராவது ரெண்டு சோளத்தைக் கொண்டாங்கடி, சுட்டுத் தின்னலாம்" என்றாள் ரெகூலி.

தொட்டியில் நின்ற மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். ஆரிதா சிரிக்கவில்லை. கேரட்டைக் காலால் இன்னும் வேகமாக மிதித்தாள்.

ஆரிதாவுக்கு நாற்பத்தாறு வயது. மூத்த மகள் ஜெந்தாவை மேடான் நகரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ரெகூலிக்கு ஐம்பது, புருஷன் செத்து ஆறு வருஷமாகிறது. ஆனால் வெறுமனே சக வேலைக்காரியாக இருந்திருந்தால் ஆரிதா அவளைப் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். ரெகூலி, ஆரிதாவின் புருஷன் தெர்கெலினுக்குச் சொந்த மாமன் மகள். முறைப்பெண். எங்கள் ஊரில் மாமன் மகளைக் கட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். கட்டாமல் போனாலும் கேலி பேசுகிற உரிமை சாகும்வரை உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆரிதா ஒருத்திதான் இருபத்தாறு வருஷமாகத் தப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

தெர்கெலின் மூட்டை ஏற்ற வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத ஆள். ரெகூலி இடுப்பில் செருகியிருந்த தாழையோலைப் பையை எடுத்து நீட்டினாள்.

"மச்சான், வாய் காஞ்சு கெடக்குதே. ஒண்ணு போட்டுக்கோ."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெற்றிலையை எடுத்தான். ரெகூலி நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, காசுக்கட்டியும் பாக்கும் வைத்துக் கூம்பாக மடித்து வைத்திருப்பாள். அவன் தினமும் வெற்றிலை போடுகிற ஆள் இல்லை. அவள் கொடுத்தால் மட்டும் போடுவான்.

"என் பையிலயும் வெத்தலதான் இருக்கு" என்றாள் ஆரிதா.

"நீ குடுக்கலியே" என்றான் அவன், ஒன்றும் தோன்றாமல்.

அது நிஜம்தான். அவள் கொடுத்ததில்லை. கேட்டு வாங்கட்டும் என்று முதல் வருஷமே முடிவு செய்திருந்தாள். அவன் கேட்டதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் மேடானிலிருந்து பல் டாக்டர்கள் வந்தார்கள். விரந்தி என்கிற டாக்டரம்மாவும் மாணவிகள் இருவரும். வெற்றிலை போடுகிற பெண்களின் எச்சிலை எடுத்துப் பார்க்கப்போவதாக ஊர்த்தலைவர் முன்னமே சொல்லியிருந்தார். எழுந்ததிலிருந்து யாரும் வெற்றிலை போடக்கூடாது என்பது உத்தரவு. காலையிலிருந்து வெற்றிலை போடாத முப்பது பெண்கள் ஊர்க்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கொருத்தி எரிந்து விழுந்தார்கள். கோயிலில் பாட்டுகூடச் சரியாக எழவில்லை என்று பாஸ்டர் குறைப்பட்டார்.

டாக்டரம்மா எழுந்து விளக்கினாள். "இரும்பு துருப்பிடிக்குதில்ல, அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் துருப்பிடிக்கும்மா. அதைத் தடுக்கற சத்து எச்சில்ல இருக்கு. ஆன்டிஆக்சிடென்ட்னு சொல்லுவோம். வெத்தலை போட்டா அது கூடுதா, குறையுதா? மாதவிலக்கு நின்னப்புறம் என்ன ஆகுது? எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. அதான் உங்ககிட்ட வந்திருக்கோம்."

"முப்பது வருஷமாத் துப்பித் துப்பி மண்ணுல போட்டோம். இப்பத்தான் வாங்க ஆள் வந்திருக்கு" என்றாள் ரெகூலி.

பேர், வயது, எத்தனை வருஷமாக வெற்றிலை, புகையிலை உண்டா, கடைசியாக எப்போது மாதவிலக்கு என்று மாணவி கேட்டு எழுதினாள். கூடத்துக்குச் சுவர் கிடையாது, கூரையும் தூணும்தான். பெஞ்சு தூக்கிவந்த ஆண்கள் தூண்களில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வாரம்" என்றாள் ரெகூலி, பன்றி விற்ற விலையைச் சொல்வதுபோல உரக்க.

அடுத்தது ஆரிதா. குனிந்து மெதுவாகச் சொன்னாள். மாணவிக்குக் கேட்கவில்லை.

"நின்னு ரெண்டு வருஷமா? ரெண்டு வருஷம்னு போட்டுக்கவா?" அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

ரெகூலி தூண்பக்கம் திரும்பினாள். "கேட்டியா மச்சான்? உன் வயல்ல மழை நின்னு ரெண்டு வருஷமாச்சாம். எங்க மானத்துல இன்னும் பெய்யுது. அப்பவே என்னைக் கட்டியிருக்கலாம்ல நீ?"

ஊரே சிரித்தது. ஆரிதா புருஷனைப் பார்த்தாள். அவனும் சிரித்தான். காப்பிக் குவளையால் வாயை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

பிறகு குப்பி கொடுத்தார்கள். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. தலையைக் குனிந்து, பேசாமல், விழுங்காமல், ஊறுகிறதைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஐந்து நிமிஷம். ரெகூலியின் குப்பி மூன்றாவது நிமிஷமே முக்கால் நிறைந்துவிட்டது. ஆரிதாவுக்கு ஊறவில்லை. கொஞ்ச காலமாகவே வாய் வறண்டுதான் கிடந்தது. சோறு தொண்டையில் ஒட்டும், வெற்றிலை சிவக்க நேரமாகும். நாக்கைச் சுழற்றினாள், கன்னத்தை உறிஞ்சினாள். நேரம் முடிந்தபோது குப்பியின் அடியில் கொஞ்சம் நுரை இருந்தது.

குப்பிகளை மரச்சட்டத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பனியில் பசை ஒட்டாததால், எண் எழுதிய காகிதத்தைக் குப்பியில் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். பதினாலு ரெகூலி, பதினஞ்சு ஆரிதா. பக்கத்தில் பக்கத்தில்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. ஐஸ் பெட்டி கார்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஆரிதாவிடம் சொல்லிவிட்டு மாணவி ஓடினாள். மற்ற பெண்கள் எல்லாம் கூடத்துக்கு வெளியே போய் ஆத்திரமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆரிதா சட்டத்தின் முன்னால் நின்றாள். நிறைந்த குப்பிக்குப் பக்கத்தில் அந்த நுரை. அவளையே அங்கே நிற்கவைத்த மாதிரி இருந்தது. எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. இரண்டு ரப்பர் வளையங்களை உருவினாள், காகிதங்களை மாற்றிச் சுற்றினாள். மாணவி பெட்டியோடு வந்தபோது தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மிளகாய் பழுத்த சமயம் டாக்டரம்மா மறுபடி வந்தாள். ஆளுக்கொரு காகிதமும் ஒரு பற்பசையும் கொடுத்தாள். ஆரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதவிலக்கு நின்னவங்கள்ல உங்களுக்குத்தான்மா சத்து ரொம்ப ஜாஸ்தி. எங்களுக்கே ஆச்சரியம்" என்றாள். பெண்கள் ஆரிதாவைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன சாப்பிடுகிறாய், எந்தத் தோட்டத்து வெற்றிலை என்று கேட்டார்கள். ரெகூலியும் கேட்டுக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஆரிதாவுக்கு அவளை நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்க முடிந்தது.

ரெகூலியை டாக்டரம்மா தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசினாள். அளவு இவ்வளவு குறையக்கூடாது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மேடான் ஆஸ்பத்திரிக்கு வந்து வாயை முழுக்கக் காட்டிவிடுங்கள் என்றாள். அதைப் போய் ரெகூலியிடம் சொன்னாள். ரெகூலியின் அக்கா கன்னத்தில் புண் வந்து, அது ஓட்டையாகி, கஞ்சிகூட இறங்காமல் செத்தவள். அவளைக் குளிப்பாட்டியது ரெகூலிதான்.

அன்றைக்கே ரெகூலி வெற்றிலையை விட்டாள். மூன்றாம் நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. கேரட் தொட்டியில் பேச்சு செத்துப்போயிற்று. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. ஆரிதாவுக்கு முதலில் அது நன்றாகத்தான் இருந்தது. மூட்டை ஏற்ற வந்த தெர்கெலினுக்கு யாரும் பை நீட்டவில்லை. ஆரிதா தன் பையை நீட்டினாள்.

"வேண்டாம். மனசே இல்ல" என்றான்.

அன்று சாயங்காலம் விறகுக்கட்டோடு ரெகூலி வீட்டுக்குப் போனான். மறுநாள் சோளம். அதற்கடுத்த நாள் ஒழுகுகிற தகரத்தை மாற்றக் கூரைமேல் ஏறினான். வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சு.

"சோறே திங்கமாட்டேங்குது. கண்ணாடியை வச்சுக்கிட்டு வாயைத் தொறந்து பார்த்துக்கிட்டே இருக்கு."

"அவளுக்குப் புள்ளைங்க இல்லையா?"

"ஒருத்தன் பதாம் தீவுல, ஒருத்தன் ஜாவாவுல. வர்றதுக்குள்ள..." அவன் முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. ஆரிதாவின் அப்பா செத்தபோதுகூட அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை.

இப்படியே இரண்டு வாரம் போனபின் ஒரு புதன்கிழமை காலை சந்தையிலிருந்து ஒரு கெண்டை மீன் வாங்கிவந்தான். இரண்டு கிலோ இருக்கும், இன்னும் வாலடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சி, மஞ்சள் எல்லாம் போட்டு நல்லா வத்தக் காய்ச்சு. நீ பண்ணினா அது திங்கும். புளிப்புத் தூக்கலா இருக்கணும், அதுக்குப் பிடிக்கும்."

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாது பாருங்க."

"அதான் சொல்றேன்" என்றான் தெர்கெலின்.

ஆரிதா மீனைக் கழுவினாள். எங்கள் ஊர் வழக்கப்படி செதிலோடு வைத்து, வயிற்றுக்குள் நீளப் பயறும் குச்சி வெங்காயமும் திணித்தாள். மஞ்சள், இஞ்சி, மிளகாய், காட்டு இஞ்சிப் பூ எல்லாவற்றையும் அம்மியில் அரைத்தாள். அரைக்கும்போதே சூடு ஏறியது. முகமெல்லாம் வேர்வை வடிந்தது. இது அந்தச் சூடா, அடுப்புச் சூடா, வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புளிப்பைக் குறைத்துப் போடலாமா என்று நினைத்தாள். சமையலில் பொய் சொல்ல அவளுக்குக் கை வரவில்லை. தூக்கலாகவே போட்டாள்.

மீன் அடுப்பில் வற்றிக்கொண்டிருந்தபோது தெர்கெலின் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துவந்தான். ஜெந்தா கல்யாணத்துக்குத் தைத்தது.

"இதைக் கொஞ்சம் தேச்சு வை. நாளைக்கு விடிஞ்சதும் அதை மேடானுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"யாரு யாரு போறீங்க?"

"நானும் அதுவும்தான். ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தாலும் வரும்."

ஆரிதா சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தான் செய்ததெல்லாம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் வெற்றிலையோடு நின்றிருந்தவனை அவளே தள்ளி, பஸ்ஸில் ஏற்றி, ரெகூலியின் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறாள். சொன்னால் ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் நாளைக்கு இந்தச் சட்டை மேடான் போகும்.

மனசாட்சி உறுத்தித்தான் அவள் போனாள் என்று பிறகு பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார். அது இல்லை. அந்தச் சட்டைதான் அவளைப் போகவைத்தது.

மீன் சட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். ரெகூலி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. வெற்றிலைச் சிவப்பு இல்லாத அவள் வாயை ஆரிதா பார்த்ததே இல்லை. வேறு யாரோ போல இருந்தாள்.

"வா ஜெந்தாம்மா. மச்சான் அனுப்பிச்சானா?"

"ஆமா. புளிப்பாத்தான் வச்சிருக்கேன்."

"வச்சுட்டுப் போ. எறங்குமான்னு பார்க்கறேன்."

ஆரிதா போகவில்லை. சட்டியையும் கீழே வைக்கவில்லை. "அக்கா, அது உன்னோடது இல்ல."

"எது? மீனா?"

"அந்தக் காயிதம். டாக்டரம்மா குடுத்தது. நான் குப்பியை மாத்திட்டேன். நம்பரை உருவி மாத்திச் சுத்திட்டேன். நல்லா இருந்ததுதான் உன்னோடது."

ரெகூலி அவளையே பார்த்தாள். "வெத்தலை வச்சிருக்கியா?" என்றாள்.

ஆரிதா சட்டியை வைத்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். ரெகூலி நரம்புகூடக் கிள்ளவில்லை. சுருட்டி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். முற்றத்தில் இறங்கி, நீளமாக, செக்கச்செவேலென்று துப்பினாள். திரும்பிவந்து தன் தலைத்துணியை உருவி ஆரிதாவை விளாசினாள்.

"பதினேழு நாள்டி! பதினேழு நாள் வெத்தலை இல்லாம! பிணத்துக்கு எந்தத் துணி போத்தறதுன்னு பெட்டியைக் கலைச்சுப் போட்டு வச்சிருக்கேன்டி!"

"அடி அக்கா. நல்லா அடி."

"எதுக்குடி பண்ணினே?"

"அவரு உன் பையில மட்டும் எடுக்கறாரு."

"எதை?"

"வெத்தலையை."

ரெகூலியின் கை நின்றது. "அடிப்பாவி. அதுக்கா?"

"உன்னைத்தானே கட்டறதா இருந்தது. நீ கெடைக்கலன்னுதானே என்னைக் கட்டினாரு. கல்யாணத்தன்னைக்கே உங்க அத்தை, என் மாமியாரு, என் காதுபடச் சொன்னாங்க."

"கெடைக்கலையாமா? நான்தான் வேண்டாம்னேன். சின்னதுலேருந்து எங்க வீட்டுலதானே கெடந்தான், மூக்கை ஒழுக்கிக்கிட்டு. எங்கப்பன் கேட்டப்ப, இவனைக் கட்டினா தெனம் நானேதான் பேசணும், பதில் வராதுன்னு சொன்னேன். வாயைத் தொறக்கட்டும்னுதான் இன்னிக்கு வரைக்கும் வெத்தலை குடுக்கறேன்."

ஆரிதாவுக்கு அது ஆறுதலாக இல்லை. வேண்டாம் என்று ஒருத்தி தள்ளியது தனக்கு வந்திருக்கிறது. அதற்குப் போய் இத்தனை வருஷம் காவல். புதுசாக ஒரு எரிச்சல் கிளம்பியது.

ரெகூலி படியில் உட்கார்ந்தாள். மெல்வதை நிறுத்தினாள். "அப்ப அந்த மோசமானது யாரோடது?"

இந்தப் பதினேழு நாளில் ஆரிதா அதை ஒருமுறைகூட நினைத்திருக்கவில்லை. ரெகூலி கேட்டபிறகுதான் நாக்கால் கன்னத்துக்குள் துழாவிப் பார்த்தாள்.

"வாயைத் தொற."

"வேண்டாம் அக்கா."

"தொறடி. எங்கக்காவுக்கு ஒரு வருஷம் தினம் பார்த்தவ நான்."

வெளிச்சம் விழும்படி ஆரிதாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். விரலைப் பாவாடையில் துடைத்து, உள்ளே விட்டு, கன்னத்தை இழுத்துப் பார்த்தாள். மேலுதட்டைத் தூக்கினாள். புகையிலை உருண்டையை அடக்கி வைக்கிற இடத்தில் நகத்தளவு வெளுத்திருந்தது. தேய்த்தாள், போகவில்லை.

"வலிக்குதா?"

ஆரிதா தலையசைத்தாள், இல்லையென்று.

ரெகூலி வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு உள்ளே போய்க் கை கழுவினாள். "நாளைக்கு மேடானுக்கு நீ போற" என்றாள் அங்கிருந்தே.

"நீயும் வா."

"நான் எதுக்கு?"

"அவரு டாக்டர் முன்னால ஒண்ணும் பேசமாட்டாரு. எனக்கும் பேச வராது. பயமா இருக்கு அக்கா."

ரெகூலி இரண்டு தட்டு எடுத்துவந்தாள். சட்டியைத் திறந்து மீனைப் பிட்டாள். "புளிப்பு நல்லாத்தான் இருக்கு. குப்பியை மாத்தின கை, சட்டியில வெஷம் வைக்காம விட்டுதே" என்றாள்.

தெர்கெலினிடம் சொன்னபோது அவன் மருந்தடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். முழுக்கக் கேட்டான். கையிலிருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் அப்படிப் பண்ணினே?"

"நீங்க சிரிச்சீங்க."

"எப்ப?"

"கூடத்துல. ரெகூலி மழை நின்னுடுச்சுன்னு சொன்னப்ப."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றான். அவள் முகத்தைப் பார்த்து, அது நிஜமான பதில் என்றாலும் சரியான பதில் இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். "எங்க, வெள்ளையா இருக்குன்னியே. காட்டு" என்றான். அவள் காட்டவில்லை. நாளைக்கு டாக்டருக்குக் காட்டுகிறேன் என்றுவிட்டுச் சட்டையைத் தேய்க்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ரெகூலிதான் பேசினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் விரந்தி திட்டவில்லை. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு மேசையையே பார்த்தாள். "ஆச்சரியம்னு பெருசா எழுதி அனுப்பிட்டேனேம்மா" என்றாள். "இனி முப்பது பேர்கிட்டயும் மறுபடி எடுக்கணும். வேற யாரு என்ன மாத்தினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெளுத்த இடத்திலிருந்து துளி சதை எடுத்தாள். பிறகு இருவருக்கும் குப்பி கொடுத்தாள், இந்தத் தடவை தானே எண் எழுதி. ரெகூலி தன்னுடையதை முடித்துவிட்டு ஆரிதாவின் காதருகே குனிந்தாள்.

"பச்சை மாங்காயை நெனைச்சுக்கோ. தோல் சீவி, கீறி, உப்பும் மொளகாயும் வச்சு..."

"பேசக்கூடாதும்மா! தானா ஊறணும்" என்றாள் டாக்டர்.

ஆரிதாவின் கண்ணில்தான் ஊறியது. வாயில் மெல்ல, சொட்டுச் சொட்டாக, பத்து நிமிஷத்தில் கால் குப்பி வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்த வயசுல நிறைய பேருக்கு வாய் வறளும்மா. உங்க ஒருத்தருக்கு மட்டும் இல்ல. நீங்க ஒண்ணும் தோத்துப்போகல" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை முடிவுக்காக மறுபடி மூவரும் போனார்கள். அந்த ஏழு நாளும் ஆரிதா வெற்றிலையைத் தொடவில்லை. ரெகூலி தொட்டாள், ஆனால் அவள் கண்ணெதிரே போடவில்லை. சதையில் கெட்டது எதுவும் இல்லை என்றாள் டாக்டர். ஆனால் அந்த இடம் கெட்டதாக மாறக்கூடும். புகையிலையையும் பாக்கையும் அடியோடு விடவேண்டும், நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும். ரெகூலியையும் விடச் சொன்னாள். ரெகூலி "பார்க்கலாம்" என்றாள். தெர்கெலின் அந்த வெள்ளைச் சட்டையில் தூண் மாதிரி நின்று கேட்டான். வெளியே வந்ததும் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினான். கண் சிவந்திருந்தது. ஆரிதா அதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்புகிற மினிபஸ்ஸில் கூட்டம். பின்னால் மூவர் உட்காருகிற ஒரு பெஞ்சுதான் காலியாக இருந்தது. தெர்கெலின் முதலில் ஏறி ஜன்னலோரம் போனான். ரெகூலி அடுத்ததாகக் காலை வைத்தாள். ஆரிதா அவள் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்கு அக்கா. நான் ஏறிக்கறேன்."

"என்னடி, வாய்க்குள்ள விரலை விட்டுப் பார்த்தவகிட்டயே இப்படியா?"

"அது வேற, இது வேற."

ரெகூலி சத்தமாகச் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். ஆரிதா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். மலை வளைவுகள் தொடங்கியதும் ரெகூலிக்குக் குமட்டியது. ஆரிதா ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். ஊர் வரும்வரை மறு கை தெர்கெலினின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.